எவரேஜ்: சராசரியா, சேதமா?

அண்மையில் ஒரு தம்பி கையில் கடிதத்தோடு என் கடைக்கு வந்தார். "நானா, என் சாமானுக்கு ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் 'ஜெனரல் எவரேஜ்' என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். எவரேஜ் என்றால் சராசரிதானே?" என்று கேட்டார்.

நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். ஆனால் இச்சொல்லின் பழைய பொருள் சேதம் என்பதாகும். அரபியில் 'அவார்' என்றால் குறை, பழுது. ஸகாத்தாகக் கொடுக்கும் கால்நடையில் 'அவார்' இருக்கக் கூடாது என்பதை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். மத்திய தரைக்கடல் வியாபாரத்தின் வழியாக இச்சொல் இத்தாலிய மொழியில் 'அவாரியா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பதே அறிஞர் பலரின் கருத்து.

சேதம் எப்படிச் சராசரி ஆனது? புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிவார்கள். எல்லோருக்காகவும் இழந்ததை எல்லோரும் ஈடுசெய்ய வேண்டும் என்பது ரோமச் சட்டத்திலேயே இருந்த பழைய விதி. நட்டத்தை அவரவர் சரக்கின் பெறுமதிக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். இந்தப் பங்கீட்டிலிருந்துதான் 18ஆம் நூற்றாண்டில் சராசரி என்ற கணக்குப் பொருள் பிறந்தது.

அந்த விதி இன்றும் நடைமுறையில் உண்டு. 1864இல் யோர்க் நகரில் வகுக்கப்பட்டு, பின்னர் அன்ட்வெர்ப்பில் திருத்தப்பட்ட விதிகளின்படியே கணக்குப் பார்க்கிறார்கள். 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய 'எவர் கிவன்', 2024 மார்ச்சில் கொழும்பை நோக்கிப் புறப்பட்டு பால்டிமோர் பாலத்தில் மோதிய 'டாலி' ஆகிய இரு கப்பல்களின் உரிமையாளர்களும் ஜெனரல் எவரேஜ் அறிவித்தார்கள்.

ஓர் உதாரணம். கப்பலும் சரக்கும் சேர்ந்து 100 கோடி ரூபா பெறுமதி. காப்பாற்ற ஆன இழப்பும் செலவும் 5 கோடி என்றால் பங்கு 5 வீதம். உங்கள் சாமான் 40 இலட்சம் என்றால் நீங்கள் 2 இலட்சம் கொடுக்க வேண்டும். காப்புறுதி இருந்தால் கம்பனி பிணை நிற்கும். இல்லையென்றால் கைப்பணத்தை வைப்பாகக் கட்டினால்தான் கொள்கலன் கைக்கு வரும்.

கடல் காப்புறுதியில் மிகக் குறைந்த 'சி' வகைப் பத்திரம்கூட இதற்குப் பொறுப்பேற்கிறது. 'சி அண்ட் எஃப்' விலையில் சாமான் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் கப்பல் கூலி உண்டு, காப்புறுதி இல்லை. நாமேதான் எடுக்க வேண்டும்.

தரையிலும் ஓர் எவரேஜ் இருக்கிறது. தீக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில் 'எவரேஜ்' நிபந்தனை உண்டு. கடையில் 40 இலட்சத்துக்குச் சாமான் இருக்க, 20 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். 10 இலட்சத்துக்கு எரிந்தால் கிடைப்பது 5 இலட்சமே. மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பாளி. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து விலைகள் ஏறிய பின்னும் பழைய தொகைக்கே பத்திரத்தைப் புதுப்பித்து வருபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்தத் தம்பி கடன் வாங்கிப் பணம் கட்டித்தான் சாமானை எடுத்தார். நீங்கள் இன்று கடையைப் பூட்டுமுன் உங்கள் பத்திரத்தை எடுத்து, அதில் உள்ள தொகையையும் கடையில் உள்ள சாமானின் பெறுமதியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.