ஊசி போடாத டாக்டர்கள்

நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் "நான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கிறது? "அப்படின்னா என் முட்டி வலிக்கு ஒரு மருந்து சொல்லேன்" என்கிறாள் பாட்டி. இது முனைவர் பட்டம், ஊசி போடும் டாக்டர் வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுகிறது. "எத்தனை வருஷம்?" மூன்று, நான்கு ஆண்டு. "சம்பளம்?" அங்கேதான் பிள்ளை விழிக்கிறது!

அப்படி விழித்த பெண் ஒருத்தியை அண்மையில் ஈப்போவில் சந்தித்தேன். சுங்கை சிப்புட் பக்கத்தில், இப்போது செம்பனை நிற்கும் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டியவர்கள். அப்பா லாரி ஓட்டுகிறார். "என் பெயரைப் போட்டுடாதீங்க அண்ணே" என்று கேட்டுக்கொண்டாள். போடவில்லை.

அவள் ஆராய்வது ரப்பர் மரத்து இலையுதிர் நோய். 2017ஆம் ஆண்டுக்குப் பிறகு நம் நாட்டுத் தோட்டங்களில் 'பெஸ்டலோடியோப்சிஸ்' என்ற பூஞ்சை இலைகளைப் புள்ளி புள்ளியாகக் கருக்கி உதிர்த்து வருகிறதல்லவா, அதுதான். ஆராய்ச்சி தோட்டத்துக்கு அந்நியமானது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று நம் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கண்டுபிடித்த 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' மரத்தை வெட்டிய கைகள் நம்மில் எத்தனை! ஆனால் அந்த மரத்துக்கு எண் போட்டவர்கள் வரிசையில் நம் பிள்ளைகள் குறைவு. வெட்டியவர்கள் வரிசையில்தான் அதிகம்.

ஆய்வகத்து வேலை அவளுக்குக் கைவந்த கலை. எழுதுவதுதான் வரவில்லை. கேட்பதற்கும் ஆளில்லை. பேராசிரியரைப் பார்ப்பதே மாதம் ஒரு முறை. வீட்டில் எஸ்.டி.பி.எம். தாண்டியவரே கிடையாது. இரண்டாம் ஆண்டில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. "உங்கள் கட்டுரையைப் பத்தே நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள்." அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கட்டுரையும் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அது பெயருக்கு ஓர் ஆய்விதழ், உள்ளே யாரும் எதையும் படித்துப் பார்ப்பதே இல்லை என்று. அந்தக் கட்டுரை பட்டத்துக்குக் கணக்கில் சேராது. ஒருமுறை அச்சேறியதை வேறு நல்ல இதழுக்கும் அனுப்ப முடியாது. சங்கிலியும் போயிற்று, ஓராண்டு உழைப்பும் போயிற்று.

இதை முன்னாலேயே சொல்லித்தர ஆளில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார்கள். கணினித் திரைக்குள் இருக்கிறார்கள்! அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

2002ஆம் ஆண்டில் பிரிட்டனில் சர் காரெத் ராபர்ட்ஸ் என்பவர் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். முனைவர் பட்டம் பெறுகிறவர்கள் தங்கள் பாடத்தில் புலிகள், ஆனால் வெளியே வேலைக்குப் போனால் திணறுகிறார்கள் என்பது அதில் ஒரு செய்தி. ஆண்டுக்கு இரண்டு வாரமாவது அவர்களுக்கு எழுதவும் பேசவும் வேலை தேடவும் பயிற்சி கொடுங்கள் என்றார். மெல்ல மெல்ல அது பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் 2019இல் பல்கலைக்கழக மானியக்குழு, ஆய்வு நெறிமுறையையும் வெளியீட்டு நெறிமுறையையும் முனைவர் பட்ட மாணவர் அனைவருக்கும் கட்டாயப் பாடமாக்கியது. போலி ஆய்விதழைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது அதில் ஒரு பகுதி. நம் பெண் அதைப் படித்திருந்தால் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

பிறகு 2020 மார்ச் 18 வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை நாம் மறக்க முடியுமா? ஆய்வகங்கள் பூட்டிக்கொண்டன. நேர்முகத் தேர்வு கூடத் திரை வழியாக நடந்தது. சபாவில் மாணவி ஒருத்தி இணையத் தொடர்பு கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறித் தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. அந்தத் துன்பத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. பட்டணத்துக்குப் போனால்தான் கேட்கலாம் என்றிருந்த பட்டறைகள் வீட்டு வரவேற்பறைக்கே வந்தன. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ கம்பாரிலோ ஸ்ரீ இஸ்கண்டாரிலோ படிக்கிற பிள்ளை, விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்தாலும் வகுப்பு தவறுவதில்லை.

என்ன சொல்லித் தருகிறார்கள்? முதலில் சிறு விஷயம், ஆனால் தலைவலி பெரியது. நூறு இருநூறு ஆய்வுகளைப் படித்து, எதை எங்கே எடுத்தோம் என்று குறித்து வைக்க வேண்டும். 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் 'சொட்டேரோ' என்ற மென்பொருள் அந்த வேலையைத் தானே செய்கிறது. காசு கொடுத்து வேறொன்று வாங்காதீர்கள்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இது நம்மவர்க்கே உரியது. அடையாளக் கார்டில் உள்ள 'எ/எல்', 'எ/பி' வெளிநாட்டு இதழாசிரியருக்கு விளங்குமா? ஒருமுறை அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், இன்னொருமுறை 'எ' என்பதே முதலெழுத்தாகிவிடும். ஒரே ஆள் மூன்று ஆளாகத் திரிவார்! 2012இல் வந்த 'ஆர்க்கிட்' என்னும் 16 இலக்க எண் இதற்கு மருந்து. பெயர் எப்படி அச்சானாலும் அந்த எண் கட்டுரைகளை ஒருவரோடு சேர்த்துவிடும். பதிவு இலவசம், சில நிமிட வேலை. ஆராய்ச்சி மாணவர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், "உன் எண் என்ன?"

பாடத்தில் பின்தங்கியவர்களுக்கு இந்திய ஐ.ஐ.டி.களின் 'என்.பி.டெல்' விரிவுரைகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. 2003இல் தொடங்கிய திட்டம் அது. புள்ளியியல் பயந்து ஓடியவர்களும் அங்கே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. சான்றிதழ் சேர்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஆய்வை மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்பால் பொறுக்கப் போய் மங்கில் நிறைந்த பாலைக் கொட்டிவிடக் கூடாது.

வேலை விஷயத்துக்கு வருவோம். முனைவர் எல்லாருக்கும் விரிவுரையாளர் நாற்காலி கிடையாது. இதை யாராவது முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொழில் வழிகாட்டி வகுப்பில் நம் பெண்ணுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்களாம். ஆய்வேட்டின் தலைப்பைச் சொல்லாமல், மூன்று ஆண்டில் என்ன செய்தாய் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தாள். மூவாயிரம் இலைகளை வகைப்படுத்தியிருக்கிறாள். செலவுக் கணக்கு வைத்திருக்கிறாள். தோட்ட நிர்வாகிகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறாள். இரண்டு இளம் மாணவருக்கு வேலை கற்பித்திருக்கிறாள். பேராக்கில் உள்ள ரப்பர் கையுறை ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு வேண்டியதும் இவைதானே! விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கடும் வறட்சி. மூன்று நிமிடத்தில் குளித்து முடிக்க மக்கள் குளியலறையில் மணல் கடிகாரம் வைத்தார்கள். அதைப் பார்த்த பல்கலைக்கழகம் ஒரு போட்டி வைத்தது. மூன்றே நிமிடத்தில், ஒரே படத்தோடு, பாமரனுக்கும் புரியும்படி ஆய்வைச் சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் அந்தப் போட்டி நடக்கிறது.

நம் பெண்ணும் ஒத்திகை பார்த்தாள், பாட்டியை முன்னால் உட்காரவைத்து, தமிழில். பூஞ்சை, புள்ளி, உதிர்வு எல்லாம் சொல்லி முடித்தாள். பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாளாம்: "பிப்ரவரி, மார்ச்சுல மரம் தானாவே இலையைக் கொட்டுமே. இது நோயில கொட்டுனதா, தானா கொட்டுனதான்னு நீ எப்படிப் பிரிப்ப?"

அன்றிரவே ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தத் தொடங்கிவிட்டாள்.