சபை கட்டடமல்ல



1854 இல் மலையகக் கோப்பித் தோட்டங்களில் மிஷன் ஊழியம் ஆரம்பமானபோது பல தோட்டங்களில் ஆலயம் இல்லை. உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து மக்களைக் கூட்டினர். சபை முந்தியது, கட்டடம் பிந்தியது.

1977 கலவரத்தின் பின் நம்மவர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினர். ஆலயத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. சபையாகக் கூடுவதற்கோ மரநிழலே போதும்.

யூதேயாவில் பஞ்சம் வந்தபோது அந்தியோகியா விசுவாசிகள் அவரவர் சக்திக்கேற்ப உதவி அனுப்பியதை அப்போஸ்தலர் நடபடிகள் 11 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முகமறியாதவரையும் உறவாக்குவதே சபை.

வீட்டு ஜெபம் நல்லது. ஆனால் நோயில் வந்து பார்க்கவும், நடவுக்குக் கைகொடுக்கவும், தவறினால் எடுத்துச் சொல்லவும் ஆட்கள் வேண்டுமே! ஆகவே, வந்த இடத்தில் அந்நியராக ஒதுங்காமல் அருகிலுள்ள சபையில் சேருங்கள். அடுத்து வரும் குடும்பத்தை நீங்களே வரவேற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.