மாத்திரையிலிருந்து ஊசிக்கு: பயம் எதற்கு?

"மாத்திரை மட்டும் இனிப் போதாது. இன்சுலின் ஊசியும் போட வேண்டும்." மருத்துவர் இப்படிச் சொல்லிவிட்டால் பல வீடுகளில் கவலை சூழ்ந்துகொள்கிறது. 'நான் சரியாகக் கட்டுப்பாடாக இல்லையோ' என்று அப்பா நினைக்கிறார். 'ஊசி போட்டால் கால் போய்விடும்' என்று பாட்டி பயப்படுகிறார்.

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அதாவது, ஏறக்குறைய அறுவரில் ஒருவருக்கு! எனவே மாணவர்களே, இது உங்கள் வீட்டிலும் நடக்கலாம். அப்போது கைகொடுப்பது அறிவியல்தான்.

சிகிச்சை ஏன் மாறுகிறது?

நம் கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைகளுக்குள் செல்ல இந்த இன்சுலின் உதவுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் உடல், இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக உழைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் களைத்துப் போகிறது.

மெட்ஃபோர்மின் மாத்திரை, கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸைக் குறைக்கிறது. கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் பீட்டா உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. ஆனால், தூண்டுவதற்குப் போதிய உயிரணுக்கள் வேலை செய்ய வேண்டுமே! அவை குறைந்தால், இன்சுலினை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பவர்களுக்கும் இந்நிலை வரலாம். ஆகவே, இது யாருக்கும் கிடைத்த தண்டனை அல்ல.

இன்சுலினை ஏன் விழுங்க முடியாது? அது 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம். வயிற்றுக்குள் போனால் முட்டை, மீனைப் போல் செரிமானமாகிவிடும்.

ஊசியால் கால் போகுமா?

இந்தப் பயத்திற்குப் பின்னால் ஒரு தர்க்கப் பிழை இருக்கிறது. முன்பு பலர் ஊசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், நரம்பும் இரத்தக் குழாயும் கெட்ட பிறகுதான் தொடங்கினார்கள். சில மாதங்களில் காலை இழந்தார்கள். பார்த்தவர்கள் ஊசியின் மேல் பழியைப் போட்டார்கள். ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்தால், முதலாவதுதான் காரணம் என்று முடிவு செய்யக்கூடாது. மழைக்கு முன் தவளை கத்துகிறது. அதனால் தவளைதான் மழையைக் கொண்டுவந்தது என்போமா?

பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்திருந்தன. காலைக் கெடுப்பது நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரையே.

நீங்கள் செய்யக்கூடியவை

• திறக்காத இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவிடாதீர்கள்.

• ஊசி போடும் இடத்தை ஒவ்வொரு முறையும் சற்று மாற்ற நினைவூட்டுங்கள். ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி உருவாகி, மருந்து சரியாகச் சேராது.

• வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை சர்க்கரை மிகவும் குறைந்ததன் அறிகுறிகள். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

• தைப்பூச விரதத்திற்கு முன் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவைத் தாமாகவே கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கடைசியாக ஒன்று. "ரொட்டி சானாய் சாப்பிட்டதால்தான் இப்படி!" என்று குத்திக்காட்டாதீர்கள். குற்றவுணர்வு வந்தால் சிலர் ஊசியையே மறைத்து, தவிர்த்துவிடுவார்கள். "பயமாக இருக்கிறதா, அப்பா?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் உடன் சென்று, தாதியிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்சுலின் பேனாவின் ஊசி பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் நீளமே. அதைப் பார்த்ததும் பாட்டியின் பயமும் கொஞ்சம் குறையும்.