கசிவும் கணக்கும்

2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தாளாமல் வீடுகளை விட்டு வெளியே ஓடினர். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயைக் குளிர்விக்கும் பணியின்போது நேரிட்ட கசிவே காரணம். ஆலை வாயிலில் ஒரு கனமீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அமோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மாறாக 49 மில்லிகிராம் இருந்தது.

அன்றிரவு குழாயின் அழுத்தம் குறைந்ததும் கரையோரம் நெடி வீசியதும் சேர்ந்தே கவனிக்கப்பட்டதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. என் கவனத்தை ஈர்ப்பது இதுதான். அழுத்தம் என்பது ஓர் எண். நெடி மூக்கை எட்டுவதற்கு முன்பே அந்த எண் பேசத் தொடங்கியிருக்கக் கூடும். அதைக் கேட்கும் கலையையே இன்று தரவுப் பகுப்பாய்வு என்கிறோம்.

பெரும்பாலான ஆலைகளில் உள்ள கசிவு உணரிகள் வாசற்படிக் காவலர்களைப் போன்றவை. வாயுவின் அளவு குறித்த வரம்பைத் தாண்டினால்தான் குரல் எழுப்பும். வாயு உணரியின் பக்கம் வராமல் காற்றோடு வேறு திசையில் போய்விட்டால், அதற்கு ஒன்றும் தெரியாது. வரம்பை மட்டுமே நம்புவதன் ஆபத்தை 1984-இல் போபால் காட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, மெத்தில் ஐசோசயனேட் தொட்டியின் அழுத்தம் ஒரு மணி நேரத்துக்குள் 2-லிருந்து 10 அலகுகளுக்கு உயர்ந்தது. பத்து என்பது வழக்கமான எல்லைக்குள் இருந்ததால் அது அபாயமாகத் தோன்றவில்லை. எண் சரியாகத்தான் இருந்தது. அது ஏறிய வேகத்தை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

பகுப்பாய்வு முறை இந்த வேகத்தைத்தான் பார்க்கிறது. குழாயில் ஒரு முனையில் புகுந்த அளவும் மறுமுனையில் வெளிவந்த அளவும் பொருந்துகின்றனவா என்று நொடிக்கு நொடி கூட்டிக் கழிக்கிறது. குழாய் உடைந்தால் அழுத்தக் குறைவு ஓர் அலையாக இருபுறமும் பாயும். இரு முனைகளையும் அது எட்டிய நேர வித்தியாசத்தைக் கொண்டு உடைந்த இடத்தையே கணித்துவிடலாம். இதற்கும் மேலாக, பல மாதத் தரவுகளிலிருந்து அந்த ஆலையின் இயல்பைக் கற்றுக்கொள்கிறது. நான் வாழும் ஆரணியில் பட்டுத்தறியின் ஓசை சற்றே மாறினாலும் அனுபவமுள்ள நெசவாளர் கையை நிறுத்திப் பாவைப் பார்ப்பார். அவரிடம் வரம்பு அட்டவணை ஏதுமில்லை. தன் தறியின் வழக்கம் தெரியும், அவ்வளவே. கணினிக்கு நாம் கற்றுத்தர முயல்வதும் அந்தப் பரிச்சயத்தையே.

இதில் பெரிய இடர்ப்பாடு பொய் எச்சரிக்கை. 200 உணரிகள் உள்ள ஆலையில் ஒவ்வொன்றும் நூறு நாளுக்கு ஒருமுறை தவறாக ஒலிப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒரே மாதத்தில் பணியாளர்கள் ஒலியை அணைத்து வைக்கப் பழகிவிடுவார்கள். பக்கத்து உணரிகள், அழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை ஆகியவற்றை ஒருசேர ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் இந்தக் கூச்சல் குறையும். ஆனால் உணரியே இல்லாத இடத்தைப் பற்றி எந்தக் கணினியும் ஒன்றும் சொல்லாது. 2020 மே 7-ஆம் தேதி 12 உயிர்களைப் பலிகொண்ட விசாகப்பட்டினம் ஸ்டைரீன் கசிவில், தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பநிலை அளக்கப்பட்டது. மேற்பகுதி கொதித்துக்கொண்டிருந்ததைத் தெரிவிக்க அங்கே கருவி இல்லை.

நம் கண்காணிப்பிலும் இப்படியொரு குருட்டுப் புள்ளி உண்டு. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் வெளியேற்ற அளவுகளை இணையவழி தொடர்ச்சியாக அனுப்ப வேண்டுமென 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆயினும் அது பார்ப்பது புகைபோக்கியையும் கழிவுநீர் வாயையும். விபத்துக் கசிவு அவ்வழியாக வருவதில்லை. குழாய் இணைப்பிலும் வால்விலும் துருப்பிடித்த வளைவிலும் வருகிறது. அந்த இடங்களின் அழுத்தமும் வெப்பநிலையும் ஆலையின் கட்டுப்பாட்டு அறையைத் தாண்டுவதில்லை. அபாயகரமான வாயுக்களைக் கையாளும் ஆலைகளிலாவது இத்தரவும் வாரியத்துக்கு வந்தாக வேண்டும் என்பது என் கருத்து. வணிக ரகசியம் என்ற மறுப்பு எழும். குழாயின் அழுத்தத்தில் என்ன ரகசியம் இருக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை.

எண்ணூர் விபத்தை ஆராய்ந்த நிபுணர் குழு, அம்மாதம் வீசிய மிக்ஜாம் புயலில் குழாய்மீது இருந்த பாறைகள் இடம்பெயர்ந்து சேதம் விளைவித்திருக்கலாம் என்று கருதியது. ரூ.5.92 கோடி இழப்பீட்டுக்கும், கண்காணிப்பும் எச்சரிக்கை வசதியும் கொண்ட புதிய குழாய்க்கும் பரிந்துரைத்தது. புயல் கடந்தபின் அந்தக் குழாயின் 'இயல்பு' மாறிவிட்டதா என்று கேட்கும் கணக்கு புதிய அமைப்பில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். விசாகப்பட்டினத்தில் ஆலையின் அபாயச் சங்கு ஒலிக்கவேயில்லை. கசிவைக் கண்டறியும் அதே கணினிக்குக் காற்றின் வேகமும் திசையும் தெரியும். வாயு எந்தத் தெருவை எத்தனை நிமிடங்களில் எட்டும் என்று கணித்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் குப்பத்து மக்களின் கைப்பேசிக்குத் தமிழிலேயே அனுப்ப முடியும். ஆலைக்கு உரிமம் வழங்கும்போதே அதையும் ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம்.