கண்ணுக்குத் தெரியும் தமிழ் காதுக்குக் கேட்குமா?

கட்டுரையையோ நிகழ்ச்சி அறிக்கையையோ தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பிடிஎஃப் கோப்பாக்கி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். அந்தக் கோப்பைத் திறப்பவர் பார்வையற்றவராக இருந்தால் என்ன நேரும்? அவர் பக்கத்தைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அவற்றுள் என்விடிஏ இலவசமாகக் கிடைப்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் 2006-இல் இதை உருவாக்கத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவரே. இதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். இயந்திரம் பேசுவது போலத்தான் இருக்கும் என்றாலும் பழகிவிட்டால் புரிகிறது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தகவலையும் தொடர்புத் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்கு நிகராகப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். என்னுடன் பயிலும் பார்வையற்ற நண்பர் ஒருவருக்குத் தேர்வுக்கு முந்திய வாரம் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். அவை வெறும் படங்கள். திரைவாசிப்பான் படிப்பதற்கு அங்கே ஓர் எழுத்துகூட இல்லை. யாராவது வாசித்துக் காட்டும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறி, அதாவது யூனிகோட், பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். கணினியின் உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதையே படிக்கும். அம்மாவைத் தேடியவருக்குக் கிடைப்பது இதுதான்!

ஒருங்குறியில் தட்டச்சு செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னால் தோன்றினாலும் கணினி அவற்றை மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கிறது. பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் சரியில்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும் வரிசையே பதிவாகி, ‘கொடு’ என்பது ‘ெகாடு’ என்று உடைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எந்தச் சிறப்பு மென்பொருளும் வேண்டாம். பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் முதல் சோதனையில் தேறியது. நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் படம்தான். என்னைக் கேட்டால், நம் சங்கத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கோப்புக்கும் இந்த ஒரு நிமிடச் சோதனையையாவது கட்டாயமாக்க வேண்டும்.

இதற்கடுத்தது மென்பொருள் கொண்டு செய்யும் சோதனை. மைக்ரோசாஃப்ட் வோர்டில் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதலே இதற்கான வசதி உள்ளது. பிடிஎஃப் கோப்புக்குப் பிஏசி என்னும் இலவச மென்பொருள் உண்டு. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா, அட்டவணைக்குத் தலைப்பு வரிசை இருக்கிறதா, ஆவணத்தின் மொழி குறிக்கப்பட்டுள்ளதா என்று இவை பார்க்கும். மொழியைக் குறிப்பது அற்ப விஷயமன்று. ஆங்கில ஆவணம் என்று பதிவாகியிருந்தால் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க முற்படும். ஆனாலும் மென்பொருளுக்கு எல்லை உண்டு. எளிதில் அணுகத்தக்க பிடிஎஃப் கோப்புகளுக்கான அனைத்துலகத் தரத்தைச் சோதிக்க 2013-இல் மேட்டர்ஹார்ன் நெறிமுறை வந்தது. அது பட்டியலிடும் 136 பிழை நிலைகளுள் 47-ஐ முடிவு செய்யப் பொதுவாக மனிதர் தேவை. மாற்று உரை இருக்கிறதா என்பதை மென்பொருள் சொல்லும். எழுதியது படத்துக்குப் பொருந்துகிறதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே கேட்டுப் பார்ப்பதே உரிய சோதனை எனலாம். சங்கத்தின் பழைய நிகழ்ச்சி நூல் ஒன்றை அந்த நண்பரிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அவர் சொன்னவை எந்த அறிக்கையிலும் வராதவை. என்விடிஏயில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். அங்கே தாவ ஒன்றுமே இல்லை. தலைப்புகள் யாவும் தடித்த பெரிய எழுத்தில் இருந்தனவே தவிர, தலைப்பு என்று கோப்பில் குறிக்கப்படவில்லை. இரண்டு பத்தியாக அமைந்த பக்கத்தில் இடப்புறத்து வரியை அடுத்து வலப்புறத்து வரி வந்ததால், தலைவர் உரையும் பொருளாளர் அறிக்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அழகுக்காக ‘த மி ழ் வி ழா’ என்று இடம்விட்டு அடித்திருந்தது எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளை போலக் கேட்டது. “பொருளாளர் கவிதை பாடியிருக்கிறார் போல” என்று அவர் சிரித்தார்.

பார்வைக் குறைவு உடையவர்களுக்கு நிறமும் முக்கியம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என 2008-இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி கூறுகிறது. வெள்ளையின் மேல் தூய மஞ்சள் 1.1-ஐக்கூட எட்டாது. நம் சுவரொட்டி வடிவமைப்பாளர்கள் கவனிக்க! கை இயக்கம் குறைந்தவர்களுக்காகப் படிவங்களைச் சுட்டெலியைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் நிரப்பிப் பார்க்கலாம்.

பழைய ஆண்டு மலர்களுக்கு இதைவிட மெதுவான வேலை தேவைப்படுகிறது. எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் உள்ளன. ஆயினும் மாற்றிய பின் ஒருவர் அச்சு மலரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் திரைவாசிப்பானைக் கேட்டுப் பிழை குறிக்க வேண்டும். அந்த நண்பரும் நானும் இதுவரை இரண்டு கட்டுரைகளை முடித்துள்ளோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் நேரம் உள்ளவர்கள் காதொலிக் கருவியுடன் சங்க அறைக்கு வரலாம்.