கூட்டுப் பிணையில் ஒரு பங்கு

பங்குத்தந்தை ஒருவர் மாற்றலாகிப் போகும் நாள் எமது கிராமங்களில் ஒரு பெரிய நாள். ஆலய முன்றலில் பந்தல் போடப்படும், வாழ்த்துப்பா வாசிக்கப்படும், மாலைகள் விழும், சிலர் கண்கலங்குவர். சில நாட்களில் அதே முன்றலில் புதியவருக்கு வரவேற்பு நடைபெறும். இவையெல்லாம் மக்களின் அன்பின் அடையாளங்களே. ஆனால் ஓராண்டு கழித்து அதே கிராமத்துக்குப் போய்ப் பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். முன்னையவர் தொடக்கிய முன்பள்ளி பூட்டிக் கிடக்கும். ஆடு வளர்ப்புக்கான சுழற்சி நிதியின் கணக்குப் புத்தகம் பங்குமனை அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும். புதியவர் கெட்டவர் அல்லர். அவருடைய நாட்டம் வேறு, அவ்வளவுதான்.

நாம் பணியாற்றிய ஒரு பங்கில் மாதர் சேமிப்புச் சங்கமொன்று இருந்தது. எமது மாற்றம் பற்றிய கதை ஊரில் அடிபடத் தொடங்கியதும் அச்சங்கத்தின் பொருளாளர் பங்குமனைக்கு வந்தார். விதவைத் தாய். "பாதர், நீங்கள் போனாப் பிறகு எங்கட சங்கத்தை ஆர் பார்ப்பினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு மனிதரின் வருகையோடு தொடங்கி அவருடைய மாற்றத்தோடு முடிவதை அபிவிருத்தி என்று சொல்லலாமா? ஒரு பங்கின் மேய்ப்புப்பணி ஒருவருடைய தோளில் மட்டும்தான் தங்கியிருக்க வேண்டுமா?

சட்டம் திறந்த கதவு

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவான பதிலை வைத்திருந்தது. ஒரு பங்குக்கு ஒரே பங்குத்தந்தைதான். இதற்கு மாறான வழக்கம் எங்கேனும் இருந்தால் அது செல்லாது என்றது அதன் 460ஆம் பிரிவு. பொறுப்புக்கு ஒரு முகம் வேண்டும் என்பதே அதன் நியாயம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருத்துவத்தை வேறொரு கோணத்திலிருந்து பார்த்தது. 1965 டிசம்பர் 7ஆம் திகதி வெளியான குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய ஏடு, எந்தக் குருவும் தனித்து நின்று தம் பணியைச் செவ்வனே நிறைவேற்ற முடியாது என்று உணர்த்தியது. குருக்கள் ஒரே வீட்டில் வாழ்வதை, அது இயலாவிடின் ஒரே மேசையில் உண்பதை, அதுவும் இயலாவிடின் அடிக்கடி கூடிச் சந்திப்பதையாவது ஊக்குவித்தது.

இச்சிந்தனை 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பில் சட்ட வடிவம் பெற்றது. அதன் 517ஆம் பிரிவின் முதலாம் பகுதி, சூழ்நிலை வேண்டும்போது ஒரு பங்கையோ பல பங்குகளையோ ஒன்றுக்கு மேற்பட்ட குருக்களிடம் கூட்டாக ஒப்படைக்கலாம் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவர்களுள் ஒருவர் நெறியாளராக இருக்க வேண்டும். கூட்டுப் பணியை வழிநடத்துபவரும் அதைப் பற்றி ஆயருக்குப் பதில் சொல்பவரும் அவரே.

"இன் சொலிதும்"

இந்த ஏற்பாட்டைக் குறிக்கச் சட்டம் பயன்படுத்தும் இலத்தீன் சொல் 'இன் சொலிதும்'. இது வழிபாட்டிலிருந்து வந்த சொல்லன்று. உரோமரின் கடன் சட்டத்திலிருந்து வந்தது. பலர் சேர்ந்து ஒரு கடனுக்குக் கட்டுப்படும்போது, ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு மட்டுமன்றி முழுக் கடனுக்குமே பொறுப்பாளி என்பது அதன் பொருள்.

இதை எமது கிராமத்துத் தாய்மாருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகிக் கடன் எடுக்கிறார்கள். ஒருத்தியின் கோழிகள் நோயில் செத்துத் தவணை தவறினால், மற்ற நால்வரும் "அது அவளின்ர கடன்" என்று கைகழுவிவிட முடியாது. கூட்டுப் பிணை என்றால் அதுதான். திருச்சபைச் சட்டமும் குருக்களிடம் அதையே கேட்கிறது. நான் இளைஞரைப் பார்க்கிறேன், நீ நோயாளரைப் பார், மற்றவர் கணக்கைப் பார்க்கட்டும் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பொறுப்பைப் பிரித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரும் முழுப் பங்குக்கும் பிணை.

நடைமுறை பற்றி 542 முதல் 544 வரையான பிரிவுகள் கூறுகின்றன. குழுவிலுள்ள ஒவ்வொருவரும் பங்குத்தந்தைக்கு வேண்டிய தகைமை உடையவராக இருக்க வேண்டும். எவரும் 'உதவி' அல்லர். பணிகளை எப்படிப் பகிர்வது என்பதை அவர்களே கூடித் தீர்மானிப்பர். திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரம் எல்லோருக்கும் உண்டு. அதை நெறியாளரின் வழிகாட்டலில் பயன்படுத்த வேண்டும். பங்கு மக்களுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டிய திருப்பலியை யார் நிறைவேற்றுவது என்பதையும் கலந்து பேசி ஒழுங்குசெய்வர். சட்ட அலுவல்களில் பங்கின் சார்பாகக் கையொப்பமிடுபவர் நெறியாளர் மட்டுமே.

எல்லாவற்றிலும் முக்கியமானது 544ஆம் பிரிவு. குழுவில் ஒருவரோ நெறியாளரோ பதவியிலிருந்து நீங்கினாலும் பங்கு வெறிதாவதில்லை. ஆயர் புதிய நெறியாளரை நியமிக்கும்வரை, மற்றவர்களுள் நியமனத்தால் மூத்தவர் அப்பொறுப்பை ஏற்கிறார். அந்தப் பொருளாளர் தாயின் கேள்விக்குச் சட்டம் தரக்கூடிய பதில் இந்தச் சிறிய வாக்கியத்தில் இருக்கிறது. ஒருவர் போனாலும் சங்கத்தின் கதையை அறிந்தவர்கள் இருப்பார்கள்.

பிரான்சும் ஜேர்மனியும் தரும் பாடங்கள்

குழுவாகப் பணியாற்றும் எண்ணம் சட்டத்துக்கு முன்னரே பிறந்துவிட்டது. 1941இல், பாரிஸ் பேராயர் கர்தினால் சுகாரின் முயற்சியால், பிரெஞ்சு ஆயர்கள் 'மிசியோன் டி பிரான்ஸ்' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். குருக்கள் அருகிய நாட்டுப்புறங்களுக்கும் திருச்சபையை விட்டு விலகிப்போன தொழிலாளர் மத்திக்கும் குருக்களைத் தனித்தனியாக அன்றிக் குழுக்களாக அனுப்புவது அதன் முறை. அதற்கென 1942இல் லிசியு நகரில் ஒரு குருமடம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளில் வேலைசெய்த குருக்களின் முயற்சியை உரோமை 1954இல் நிறுத்திய வேளையில் இவ்வமைப்பும் பெருஞ் சோதனைக்குள்ளானது. எனினும் அதே ஆண்டில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அதற்குப் பொந்திஞியைத் தலமாகக் கொண்டு நிலையான சட்ட அமைப்பை வழங்கினார். முன்னணியில் நிற்பவர் தனியே நின்றால் ஒன்றில் களைத்துப் போவார், அல்லது விலகிப் போவார். இதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

அண்மைக்காலப் பாடம் ஜேர்மனியின் ட்ரியர் மறைமாவட்டத்திலிருந்து வருகிறது. 2013 முதல் 2016 வரை நடைபெற்ற மறைமாவட்டச் சங்கத்தின் பின்னர், கிட்டத்தட்ட 900 பங்குகளை 35 பெரும் பங்குகளாக இணைத்து, ஒவ்வொன்றையும் குருவும் பொதுநிலையினரும் அடங்கிய தலைமைக் குழுவிடம் ஒப்படைக்கத் திட்டமிடப்பட்டது. 2019 நவம்பரில் உரோமை அதை இடைநிறுத்தியது. தலைமைக் குழுவில் பங்குத்தந்தையின் இடம் என்ன, மற்றக் குருக்களின் பணி என்ன, இவ்வளவு பெரிய பங்குகள் தகுமா, இவ்வளவு வேகம் தகுமா என்பன எழுந்த கேள்விகள். திட்டம் பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. 2020 ஜூலையில் குருக்களுக்கான உரோமைப் பேராயம் வெளியிட்ட பங்குகள் பற்றிய அறிவுறுத்தல், குருக்கள் பலரிடம் பங்கைக் கூட்டாக ஒப்படைக்கும் வழியை ஏற்றுக்கொண்டது. அதேவேளை, குருக்களும் பொதுநிலையினரும் சேர்ந்த ஒரு குழுவிடம் பங்குத்தந்தைப் பதவியையே ஒப்படைக்க முடியாது என்றும், 'தலைமைக் குழு' போன்ற பெயர்களைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறியது.

இதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் கிராமத்திலிருந்து பார்க்கும் எமக்கு உறைப்பது வேறொன்று. குருக்கள் குறைந்துவிட்டார்கள் என்பதற்காகப் பங்குகளைப் பெருப்பித்து, அதை மூடிமறைக்கக் 'குழு' என்ற பெயரைச் சூட்டினால், மக்களுக்குக் குழுவும் கிடைக்காது, குருவும் கிடைக்கமாட்டார். நால்வர் நகரத்து மாடிவீடொன்றில் கூடி வாழ, முன்பு ஒரு குரு தங்கியிருந்த கரையோரக் கிராமத்தில் பங்குமனைக் கதவு மூடிக் கிடக்கும். சட்டம் கூட்டுக் குருக்களையும் பங்கிலேயே வதியுமாறு கட்டுப்படுத்துவது காரணத்தோடுதான்.

எமது தோல்வி ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அயற்பங்குக் குருக்கள் இருவரும் எமது மூன்று பங்குகளின் அபிவிருத்தி வேலைகளைக் கூட்டாகச் செய்ய உடன்பட்டோம். இது சட்டப்படியான கூட்டு நியமனமன்று. எமது விருப்பத்தால் வந்த ஏற்பாடு. தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒருவருக்கு விவசாயத்தில் அறிவு, மற்றவருக்குக் கணக்கில் கண்டிப்பு, எமக்கு மக்களைக் கூட்டுவதில் ஈடுபாடு.

நீரிறைக்கும் இயந்திரம் வாங்கச் சில குடும்பங்களுக்குக் கடன் கொடுத்திருந்தோம். அந்தப் போகம் வெங்காயம் அழுகிப் போனது. எம்முள் ஒருவர் மனமிரங்கி, ஒரு குடும்பத்தின் இரண்டு தவணைகளைத் தள்ளிவிட்டார். அதை அறியாத மற்றவர் அடுத்த வீட்டில் தவணையை வற்புறுத்தி வாங்கினார். இரு வீடுகளுக்கும் ஒரே வேலிதான். செய்தி வேலி தாண்ட எவ்வளவு நேரம் வேண்டும்? "இரக்கமுள்ள பாதர்", "இரக்கமில்லாத பாதர்" என்று ஊர் இரண்டு கட்சியானது. தவணை கட்டி வந்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். எம்மிடம் முறையிட வந்தவர்களுக்கு நாம் மூன்றாவது பதிலொன்றைச் சொன்னோம்.

அப்போது அதே பொருளாளர் தாய் எம்மிடம் சொன்னார்: "பாதர், நாங்கள் ஐஞ்சு பேரும் கையெழுத்து வைக்க முதல் இருந்து கதைக்கிறனாங்கள். நீங்கள் மூண்டு பேரும் கதைக்கிறேல்லையோ?"

எமக்குப் பதில் இருக்கவில்லை. நாம் வேலையைப் பிரித்திருந்தோம். ஆனால் கூடியிருந்து பேசவில்லை. ஒரு உறையில் மூன்று வாள்களைச் செருகியிருந்தோம். அதன் பின்னரே ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூவரும் கூடுவது, கடன் பற்றி எவரும் தனித்து வாக்குக் கொடுப்பதில்லை, ஒரே கணக்குப் புத்தகம், அதில் மக்கள் பிரதிநிதி ஒருவரின் கையொப்பம் என்று ஒழுங்குகள் வந்தன. இழந்த நம்பிக்கையின் ஒரு பகுதி திரும்பியது. முழுவதும் திரும்பியது என்று சொல்லமாட்டோம்.

குருக்கள் மட்டும் போதுமா?

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு குருவின் முன் பேசத் தயங்கும் எமது மக்கள், மூன்று குருக்கள் சேர்ந்து வந்து உட்கார்ந்தால் வாயே திறவாமல் இருந்துவிடக்கூடும். குருக்களின் ஒற்றுமை மக்களின் மௌனத்தின் மேல் கட்டப்படலாகாது. சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும், மேய்ப்புப்பணிச் சபைக்கு வழிசெய்வதையும் இங்கு நினைவுகொள்ள வேண்டும்.

இது எமக்குப் புதிய பாடமன்று. 1687இல் இலங்கைக்கு வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார் குருக்களே இல்லாத நாட்டில் பணியைத் தொடங்கினார். அவரும், பின்னர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த அவருடைய சபைக் குருக்களும், தாம் ஊர் ஊராகச் சுற்றிவரும் காலத்தில் செபத்தையும் மறைக்கல்வியையும் நடத்த அந்தந்த ஊர்களில் மூப்பரையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார்கள். அந்தச் சிறிய குருக்கள் குழுவும் கிராமத்துப் பொதுநிலையினரும் சேர்ந்துதான் ஒல்லாந்தர் காலத்து நெருக்கடியைத் தாண்டினார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோதும், பங்கின் எல்லைகள் ஏட்டில் மட்டுமே இருந்தன. பல பங்குகளின் மக்கள் ஒரே மரநிழலில் இருக்கையில், எவரும் "எந்தப் பங்கு?" என்று கேட்டுவிட்டுக் கஞ்சி வார்க்கவில்லை. நெருக்கடியில் இயல்பாக வந்த கூட்டுப் பொறுப்பு சமாதான காலத்தில் ஏன் கடினமாகிறது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

கூட்டுத் தலைமை எல்லாப் பங்குகளுக்கும் ஏற்ற மருந்தன்று. சட்டமும் "சூழ்நிலை வேண்டும்போது" என்றே சொல்கிறது. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதையாக அது முடியவும் கூடும். எனினும் அயற்பங்குகள் பலவற்றில் ஒரே தொழிலும் ஒரே வறுமையும் இருக்கும் எமது கரையோரங்களிலும் குடியேற்றத் திட்டங்களிலும், ஒரு மறைமாவட்டம் இதை ஓரிடத்திலாவது பரீட்சித்துப் பார்ப்பது நல்லது. அதற்கு முன் குருமடத்திலேயே கூடித் தீர்மானிக்கும் பழக்கம் கற்பிக்கப்பட வேண்டும். குழுவிலுள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்றாதிருக்க வேண்டும். கணக்கு மக்களின் கண்முன் இருக்க வேண்டும்.

எமக்கும் பின்னர் மாற்றம் வந்தது. பந்தலும் மாலையும் வாழ்த்துப்பாவும் இருந்தன. பொருளாளர் தாய் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பங்குமனையிலிருந்து வாங்கித் தம் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பங்குச் சபைகளின் சிந்தனைக்கு:

1. எமது பங்குத்தந்தை நாளை மாற்றலாகிப் போனால் நின்றுபோகும் வேலைகள் எவை?

2. அயற்பங்கோடு சேர்ந்து செய்தால் நன்மை தரக்கூடிய பணி ஒன்று எமக்கு உண்டா?

3. எமது சங்கங்களின் கணக்குப் புத்தகங்கள் யாருடைய கையில் இருக்கின்றன?