புதிய கமெராவும் திறவாத கோப்பும்

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தையையும் புளியங்குளத்தையும் கடந்து, மாங்குளத்தை அடையுமுன் கனகராயன்குளம் என்னும் ஊரைக் காண்பர். வயலும் காடும் சூழ்ந்த அந்த ஊரில் ஒரு திருமணம் நடைபெறுகின்றது என்று கொள்வோம். படம் பிடிக்க வந்தவர் கைதேர்ந்த கலைஞர். கடன்பட்டுச் சென்ற வாரந்தான் ஒரு புதிய கமெரா வாங்கியிருக்கின்றார். தாலி கட்டும் வேளை, அறுகரிசி இடும் வேளை, பேத்தியின் தலையைத் தடவி அம்மம்மா கண்கலங்கும் வேளை, ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. கமெராவின் சிறு திரையில் ஒவ்வொரு படமும் தெளிவாகத் தோன்றுகின்றது.

இரவு வீடு சென்று கோப்புகளைக் கணினியில் இட்டுத் தம் வழக்கமான மென்பொருளைத் திறக்கின்றார். படங்களைக் காணவில்லை. இவ்வகைக் கோப்பைத் தன்னால் அறிய இயலவில்லை என்று ஒரு வரி மட்டுமே திரையில் தோன்றுகின்றது. கோப்பு பழுதுபடவில்லை, கமெராவும் பழுதுபடவில்லை, கலைஞரும் பிழை செய்யவில்லை. ஆயினும் படம் திறவாமல் நிற்கின்றது. இது கற்பனைக் கதையே. எனினும், புதிய கமெராக்கள் சந்தைக்கு வரும்போதெல்லாம் உலகின் பல பாகங்களிலும் படக்கலைஞர்கள் இந்த இக்கட்டை அனுபவித்து வருகின்றனர். இதன் காரணம் யாது, இதற்குப் பரிகாரம் யாது என்பதையே இன்று நாம் ஆராயப் போகின்றோம்.

முதலில், கமெரா படத்தை எவ்வாறு பதிவு செய்கின்றது என்று பார்ப்போம். கமெராவின் உள்ளே, முன்னாளிற் பிலிம் இருந்த இடத்தில், ஒளியுணரும் சில்லு ஒன்று இருக்கின்றது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய கண்கள் உள்ளன. இக்கண்கள் ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியமாட்டா. ஆகவே ஒவ்வொரு கண்ணின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்து வடிகட்டியை வைத்திருக்கின்றார்கள். அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் பணிபுரிந்த பிறைஸ் பேயர் என்னும் விஞ்ஞானி வகுத்த ஒழுங்கு இது. 1976 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இதன்படி கண்களிற் பாதி பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் உரியவை. இன்று பெரும்பாலான கமெராக்கள் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன.

இவ்வாறு கிடைத்த எண்களைக் கமெரா இருவகையாகச் சேமிக்கலாம். ஒன்று, அவற்றைத் தானே கணித்து, நிறம் கூட்டி, சுருக்கி, யாரும் பார்க்கத்தக்க படமாக்கித் தருவது. அதுவே ஜேபெக் எனப்படுவது. மற்றொன்று, சில்லு கண்ட எண்களைப் பெரும்பாலும் அவ்வாறே கோப்பில் இட்டுத் தருவது. அதனையே படக்கலைஞர்கள் 'றோ' என்கின்றனர். நாம் அதனை மூலக்கோப்பு என்று அழைப்போம்.

வன்னியிற் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜேபெக் என்பது சமைத்த சோறு. மூலக்கோப்பு என்பது நெல். சோற்றை உடனே உண்ணலாம். ஆனால் அதனை மறுபடி அரிசியாக்க முடியாது. நெல்லைச் சேமித்து வைத்து, வேண்டும்போது குற்றிச் சோறும் ஆக்கலாம், மாவும் இடிக்கலாம், பொரியும் பொரிக்கலாம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறமும் 256 படிநிலைகளில் அமைகின்றது. பதினான்கு இலக்கம் கொண்ட மூலக்கோப்பிலோ 16,384 படிநிலைகள் உண்டு. மணவறையின் நிழலில் கறுத்துத் தோன்றும் முகத்தை மீட்பதற்கும், வெண்பட்டின் மடிப்புகளைத் துலக்குவதற்கும் இந்தப் பெருஞ்செல்வமே துணை செய்கின்றது.

அவ்வாறாயின், இந்த நெல்லை எல்லா ஆலைகளிலும் குற்ற முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகின்றது. மூலக்கோப்பில் எண்கள் எந்த வரிசையில் உள்ளன, எவ்வாறு சுருக்கப்பட்டுள்ளன, முழு இருளுக்குரிய எண் யாது, வெண்மையை எதனோடு ஒப்பிட்டு அளந்தார்கள், அந்தச் சில்லின் சிவப்பு உலகறிந்த சிவப்பினின்றும் எவ்வளவு வேறுபட்டது என்னும் இவையெல்லாம் தெரிந்தாலன்றிப் படம் உருவாகாது. இவை கமெராவுக்குக் கமெரா வேறுபடும். உற்பத்தியாளர் பெரும்பாலோர் இவ்விவரங்களை முழுமையாக வெளியிடுவதில்லை. ஆதலால், புதிய கமெரா ஒன்று வந்ததும் மென்பொருள் செய்வோர் அதன் மாதிரிக் கோப்புகளைப் பெற்று, சோதித்து, அளந்து, அதன் பின்னரே தம் மென்பொருளிற் சேர்க்கின்றனர். அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். சில வேளைகளில் கோப்பின் அமைப்புப் பழையதாகவே இருக்கும். கமெராவின் பெயர் தன் பட்டியலில் இல்லாமையால் மட்டும் மென்பொருள் அதனை ஏற்க மறுக்கும்.

வரலாற்றில் இரண்டொரு நிகழ்ச்சிகளைக் குறிப்பிடலாம். 1997 ஆம் ஆண்டில் டேவ் கொபின் என்னும் அமெரிக்கர், எந்தக் கமெராவின் மூலக்கோப்பையும் எந்தக் கணினியிலும் திறக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு ஒரு சிறு மென்பொருளை எழுதத் தொடங்கினார். டீசீறோ என்பது அதன் பெயர். நிறுவனங்கள் சொல்லாதவற்றைத் தாமே ஆராய்ந்து கண்டறிந்து, அதனை யாவருக்கும் இலவசமாக வழங்கினார். பின்வந்த பல மென்பொருள்கள் அவர் உழைப்பின் மேல் எழுந்தவையே. 2005 ஆம் ஆண்டில் நிக்கொன் நிறுவனத்தின் டீ-2-எக்ஸ் என்னும் கமெரா, வெண்மைச் சமன் பற்றிய தகவலை மறைகுறியாக எழுதுகின்றது என்பது தெரியவந்தது. பிற மென்பொருள் செய்வோரும் கலைஞரும் கண்டனம் தெரிவித்தனர். தன் மென்பொருட் கருவித்தொகுதியைப் பெற்றுப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் விடை கூறியது. கொபின் அந்த மறைகுறியையும் விடுவித்தார். 2018 ஆம் ஆண்டில் கனன் நிறுவனம் எம்-50 என்னும் கமெராவுடன் சீ.ஆர்.3 என்னும் புதிய கோப்பு வகையைக் கொணர்ந்தபோது, பழைய சீ.ஆர்.2 வகையை நன்கு அறிந்த மென்பொருள்களும் புதிதாகப் பாடம் படிக்க நேர்ந்தது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய சில்லு, புதிய சுருக்கமுறை என்று தம் ஆராய்ச்சியின் பயனை விரைவிற் கொணர அவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும். பிறர் மென்பொருளில் நிறம் பிசகினால் கெடுவது தம் பெயரே என்னும் அச்சமும் உண்டு. ஆயினும், கேட்கவேண்டிய ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. படம் யாருடையது?

பழைய பிலிமின் நெகற்றிவ்வை எண்ணிப் பாருங்கள். அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எவரும் பார்க்கலாம். எந்த ஊர் ஸ்ரூடியோவிலும் கொடுத்து அச்சிடலாம். பிலிம் செய்த நிறுவனமே மூடப்பட்டாலும் நெகற்றிவ் பேசாமற் போகாது. மூலக்கோப்பை மின்னணு யுகத்தின் நெகற்றிவ் என்கின்றார்கள். ஆனால் அது தானே பேசாது. அதனைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் ஒன்று இருக்கும்வரைதான் அதற்கு வாய் உண்டு.

இந்த அநுபவம் தமிழருக்குப் புதியதன்று. பாமினி என்னும் எழுத்துருவை நம்மவர் பலர் அறிவர். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எத்தனையோ கட்டுரைகளும் மலர்களும் கல்வெட்டு நூல்களும் அவ்வெழுத்துருவில் தட்டச்சாகின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிவரியாக நிற்கும். எழுதியது அழியவில்லை, படிக்கும் திறவுகோல் இல்லை. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் நியமத்தில் தமிழ் இடம்பெற்று, காலப்போக்கில் அந்த நியமம் பரவிய பின்னரே, ஒருவர் எழுதியதை எவரும் எங்கும் படிக்கும் நிலை வந்தது. திறவுகோல் பொதுவுடைமையானதே அதற்குக் காரணம்.

படத்துறையிலும் அத்தகைய முயற்சி ஒன்று உண்டு. 2004 ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் டீ.என்.ஜீ. என்னும் பொதுக் கோப்பு வகையை வகுத்து, அதன் விவரங்களை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு வெளியிட்டது. லைக்கா, பென்டக்ஸ் போன்ற சில நிறுவனங்களின் கமெராக்கள் அவ்வகைக் கோப்பை நேரே எழுதவல்லன. கனன், நிக்கொன், சோனி ஆகிய பெரு நிறுவனங்களின் கமெராக்களோ தத்தம் சொந்த வகையையே கைக்கொண்டுள்ளன. ஆகவே பொதுத் திறவுகோல் இருக்கின்றது. எல்லாப் பூட்டுகளும் அதற்கு அமையவில்லை.

இனி, நம் கனகராயன்குளத்துக் கலைஞர் செய்யத்தக்கவை யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, புதிய கமெராவைத் திருமண வீட்டுக்குக் கொண்டுசெல்லுமுன், வீட்டு முற்றத்திலேயே பத்துப் படம் எடுத்து, கணினியில் இட்டு, திருத்தி, அச்சிடும் வரை முழுப் பாதையையும் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். 

இரண்டாவது, மூலக்கோப்பையும் ஜேபெக்கையும் ஒருங்கே பதியும் வசதி அநேகமாக எல்லாக் கமெராக்களிலும் உண்டு. மென்பொருள் பழகும்வரை அந்த வசதியைப் பயன்படுத்தினால், நெல் பூட்டிக் கிடந்தாலும் சோறு கையில் இருக்கும்.

மூன்றாவது, கோப்பு திறவாவிடில், கமெராவைச் செய்த நிறுவனத்தின் மென்பொருளை நாடலாம். கனன், நிக்கொன் முதலிய நிறுவனங்கள் அவற்றை இலவசமாகவே வழங்குகின்றன. அதிற் படத்தைத் திறந்து, தரம் குன்றாத டிஃப் வகைக்கு மாற்றிக்கொண்டு, வழக்கமான மென்பொருளில் வேலையைத் தொடரலாம்.

நான்காவது, அடோபி நிறுவனத்தின் டீ.என்.ஜீ. மாற்றி இலவசமாகக் கிடைக்கின்றது. பழைய போட்டோசொப் பதிப்பை வைத்திருப்போருக்கு இது பெருந்துணை. புதுக் கமெராவின் கோப்பை டீ.என்.ஜீ. ஆக்கினால் பழைய மென்பொருளும் பெரும்பாலும் அதனைத் திறக்கும். ஆனால், மாற்றியும் அந்தக் கமெராவை அறிந்திருக்கவேண்டும். கமெரா வந்த மறுநாளே அதனை எதிர்பார்த்தல் ஆகாது.

ஐந்தாவது, பொறுமையிழந்து கோப்பின் பெயரையோ அதனுள் எழுதப்பட்ட கமெராவின் பெயரையோ மாற்றி மென்பொருளை ஏமாற்ற முயல்வோர் உளர். கோப்பின் பெயரை மாற்றுவதால் பயனில்லை. உள்ளே கமெராவின் பெயரை மாற்றினால் சில வேளை படம் திறக்கும். நிறமோ பிழையாக வரலாம். எதைச் செய்தாலும் பிரதியின் மேற் செய்யவேண்டும், மூலத்தைத் தொடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திறவாத கோப்பை அழித்துவிடக்கூடாது. இன்று திறவாதது அடுத்த மாதம் திறக்கக்கூடும்.

நேயர்களே, ஒரு திருமணப் படத்துக்காக இத்துணைப் பேச்சா என்று சிலர் எண்ணலாம். வன்னி மக்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். 1990களின் போர்க்காலத்திலும், 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி நாள்களிலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, வீட்டையும் மாட்டையும் விட்டதுபோலவே பட அல்பங்களையும் விட்டு வந்தன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கியபோது, அவர்கள் கைகளில் இருந்தவை படங்களே. பிள்ளை இருந்தான் என்பதற்கு ஒரு தாய் ஏந்திக் காட்டிய சாட்சி அது. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படமும், ஒரு மணவீட்டுக் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முகமும் அப்படிச் சாட்சியாகலாம் என்று அவற்றை எடுத்த நாளில் எவரும் நினைத்திருக்கமாட்டார்கள். எந்தப் படம் பின்னாளில் விலைமதிப்பற்றதாகும் என்பதை எடுக்கும் நாளில் எவரும் அறியார்.

ஆகவே, படத்தை எடுப்பதோடு கலைஞரின் கடமை முடிந்துவிடவில்லை. மூலக்கோப்பை மூலக்கோப்பாகவே காக்கவேண்டும். அதனுடன் டீ.என்.ஜீ. அல்லது டிஃப் வகையில் ஒரு பிரதியும், எவரும் திறக்கத்தக்க ஜேபெக் ஒன்றும் இருக்கவேண்டும். இவற்றை வெவ்வேறு இரண்டு இடங்களில் வைத்தல் நன்று. சிறந்த சில படங்களைத் தாளில் அச்சிட்டு வீட்டாரிடம் கொடுத்தல் அதனினும் நன்று. தாளைப் பார்க்க மென்பொருள் வேண்டியதில்லை. படம் எடுப்பிக்கும் குடும்பத்தாரும், எங்கள் பிள்ளைகள் இருபது ஆண்டுகளின் பின் இவற்றைத் திறக்க முடியுமா என்று கேட்டு வாங்கப் பழகவேண்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், கமெரா செய்வோரும் ஒரு நாள் அதற்குச் செவிசாய்ப்பர்.

கனகராயன்குளத்து மணமகளின் அம்மம்மா கண்கலங்கி நின்ற அந்தப் படம் அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உரியது. அதன் திறவுகோலும் அவர்களிடமே இருத்தல் வேண்டும்.